ஆறடி தூரம்

நான் இருபத்திரண்டு வருஷம் ஒரு ராணுவப் பயிற்சி முகாமின் மருத்துவ அறையில் நர்ஸாக இருந்தவள். கணுக்கால் சுளுக்கு, பூட்ஸ் கொப்புளம், வெயில் மயக்கம், வீட்டு ஞாபகத்தில் வருகிற வயிற்றுவலி, எங்கள் அன்றாடம் இவ்வளவுதான். அத்தனை வருஷத்தில் பதிவேட்டில் தெரிந்தே ஒரு பொய் எழுதியிருக்கிறேன். ஒரே ஒரு வரி. அது யார் தலையில் போய் விழுந்ததோ, அந்தப் பெண்ணின் கதை இது.

முகாமில் அவளை எல்லாரும் 'வெல்டர்' என்று கூப்பிட்டார்கள். பட்டப்பெயர் என்றுகூடச் சொல்ல முடியாது, அவள் நிஜமாகவே வெல்டர். அப்பா கப்பல் வேலைக்குப் போனவர். முதலில் கடிதம் குறைந்தது, பிறகு நின்றே போனது. அம்மா சட்டைக் கம்பெனியில் காஜா எடுப்பவர். அம்மாவின் தம்பி பஸ் டிப்போவுக்குப் பின்னால் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி. பட்டறைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில்தான் மூன்று பேரும் குடியிருந்தார்கள். பள்ளிப் படிப்பு முடித்துவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவளிடம் மாமா ஒருநாள், "கீழ வந்து ஒரு கம்பியையாவது பிடி" என்றார். பிடித்தாள். ஒரே வருஷத்தில் மாமாவை மிஞ்சிவிட்டாள். அவள் வைக்கிற ஒட்டு மீன் செதில் அடுக்கினாற்போல் வரிசையாக இருக்கும் என்று மாமாவே பெருமையாகச் சொல்வார்.

வாடிக்கையாளர்களுக்குத்தான் அது ஜீரணமாகவில்லை. பட்டறைக்குள் எட்டிப் பார்த்து, "ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்பார்கள்.

"இருக்காங்க, டீ குடிக்கப் போயிருக்காங்க. உங்களுக்கு கேட் வேணுமா, ஆம்பளை வேணுமா?" என்பாள்.

அந்தப் பட்டறையில் ஒரே ஒரு சட்டம். வெல்டிங் தீப்பொறியைப் பற்றவைக்கும் முன்னால் "கண்ணு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சுற்றி இருப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒருமுறை அவள் சொல்லாமல் பற்றவைத்துவிட்டாள். மாமா அவளை அரைநாள் பட்டறைக்கு வெளியே நிறுத்தி வைத்தார். "கை போனா இன்னொரு கை இருக்கு, சமாளிச்சுக்கலாம். அடுத்தவன் கண்ணோட விளையாட உனக்கு யார் உரிமை குடுத்தது?" என்று கேட்டாராம். பத்தாம் வகுப்பு தாண்டாத மனிதர். பின்னால் நான் பார்த்த அதிகாரிகளை நினைத்தால், அந்தக் கேள்வியைப் பெரிதாக எழுதி ஒவ்வொருவர் மேஜையிலும் வைக்க வேண்டும் போலிருக்கிறது.

இருபத்துமூன்றாம் வயதில் ராணுவத்தின் ஆள்சேர்ப்புச் சுவரொட்டி ஒன்றைப் பார்த்தாள். பாலம் கட்டும் பிரிவுக்கு வெல்டர்கள் தேவை, பெண்களும் விண்ணப்பிக்கலாம். மாமா சுவரொட்டியை இரண்டு தரம் படித்துவிட்டு, "கேட்டு போட்டது போதும், போய்ப் பாலம் போடு" என்றார்.

எந்தப் பிரிவுக்குப் போவதானாலும் முதல் பதினோரு வாரம் எங்கள் முகாமில் அடிப்படைப் பயிற்சி. எட்டாவது வாரம் பெப்பர் ஸ்ப்ரே. பெயர்தான் பெப்பர், உள்ளே இருப்பது மிளகாயின் காரம். காவல் வேலைக்குப் போகிறவர்கள் அதை இடுப்பில் வைத்துக்கொள்வார்கள். யார் மீது எதை அடிக்கப்போகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும், நம்மிடமிருந்து பிடுங்கி நம் மீதே அடித்தால் நிலைகுலையாமல் நிற்க வேண்டும், அதற்காக ஒவ்வொருவர் முகத்திலும் ஒருமுறை அடிப்பார்கள். அந்தப் பயிற்சியே தப்பு என்று நான் சொல்லவில்லை. அவளும் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. பாலம் கட்டப் போகிறவளுக்கு எதற்கு மிளகாய் என்று நான் கேட்டபோதுகூட, "எல்லாருக்கும் உண்டுன்னா எனக்கும் உண்டு சிஸ்டர்" என்றாள்.

ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஆறடி தூரம். கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டும், நெற்றியில் புருவத்துக்கு மேலே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே ஒரு விநாடி. பிறகு கண்ணைத் திறந்தால் வழிந்தது உள்ளே போய் எரியும். அந்த எரிச்சலோடு ஐந்து வேலை செய்ய வேண்டும். பஞ்சு மூட்டையைக் குத்துவது, கையிலிருக்கும் தடியைப் பிடுங்க விடாமல் காப்பது, தடித்த உடுப்புப் போட்ட ஆளைத் தள்ளிவிடுவது, அவனுக்கு விலங்கு மாட்டுவது, கடைசியாக வாக்கி டாக்கியில் அவன் என்ன நிறத்தில் சட்டை போட்டிருக்கிறான் என்று சொல்வது. அது முடிந்ததும் உடனே தண்ணீர். நிறையத் தண்ணீர், குழந்தைகளுக்கான ஷாம்பு, காற்றுக்கு முகத்தைக் காட்டி இமையைச் சிமிட்டிக்கொண்டே இருப்பது. முக்கால் மணியில் பெரும்பாலானவர்கள் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். கிட்டத்தில் நின்று அடித்தால் கதையே வேறு. அழுத்தத்தோடு வருகிற திரவம் ஊசி மாதிரி கண்ணைக் குத்தும். அதற்குத்தான் ஆறடி. ஒரு நர்ஸ் மைதானத்தில் இருக்க வேண்டும் என்பதும் அதே முறையில் எழுதியிருக்கிறது.

நான் அங்கே இல்லை. "நீங்க எதுக்கு சிஸ்டர் வெயில்ல நின்னுக்கிட்டு? தேவைன்னா அனுப்புறோம்" என்றார் பயிற்சி சார்ஜண்ட். எங்கள் முகாம் டாக்டரும் சரி என்றுவிட்டார். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தேன். அதனால் இனி சொல்வது அவளும், அவளுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த தபால்காரர் மகளும் சொன்னது.

அந்த சார்ஜண்டுக்கு ஆட்கள் வைத்திருந்த பெயர் 'விசில்'. எந்நேரமும் கழுத்தில் விசில் தொங்கும், பேச வேண்டிய இடத்திலும் ஊதுவார். அன்று நாற்பத்தொரு பேர். மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் இரண்டு கோடு போட்டிருந்தது, நடுவில் ஆறடி. ஆரம்பத்தில் கோட்டில் நின்றுதான் அடித்தார். ஆள் ஏற ஏற அவருக்கும் சலித்தது, கொஞ்சம் கொஞ்சமாக முன்னே வந்துவிட்டார். நான்கு குழாயில் இரண்டில்தான் தண்ணீர் வந்தது. மோட்டார் ரிப்பேர். காலையிலேயே தெரியும், ஆனாலும் பயிற்சியைத் தள்ளிப்போடவில்லை.

முப்பதாவது ஆள் வாக்கில் தபால்காரர் மகளின் முறை. அவள் முகத்தில் அடித்தபோது விசில் கோட்டைத் தாண்டி மூன்றடி உள்ளே நின்றார். வரிசையில் அடுத்து நின்ற வெல்டர் கையைத் தூக்கினாள்.

"சார், தூரம் கம்மியா இருக்கு. கோடு பின்னால இருக்கு சார்."

விசில் திரும்பிப் பார்த்தார்.

"தண்ணியும் ரெண்டு குழாய்லதான் வருது சார். அடிச்சு முடிச்சவங்க பத்துப் பேர் அங்க காத்துக்கிட்டு நிக்கறாங்க."

"போர்க்களத்துல எவன் உனக்குக் குழாய் போட்டு வெச்சிருப்பான்?" என்றார் அவர். சிலர் சிரித்தார்கள். "எதிரிகிட்டயும் ஸ்கேல் வெச்சு அளந்துட்டு வரச் சொல்லுவியா? வா முன்னால. கண்ணைத் திற."

"மூடிக்கணும்னுதானே சார் சொல்லிக் குடுத்தீங்க?"

"திறன்னு சொன்னேன்."

திறந்தாள். ஒரு கை நீட்டினால் தொடுகிற தூரம். ஒரு விநாடி இல்லை, மூன்று. வலது கண்ணுக்குள் நேராக.

ஒரு பெண் கேள்வி கேட்டாள், அதற்குப் பதில் அது. நாலு பேருக்கு எதிரில் தன் கௌரவம் குறைந்துவிட்டதாக நினைத்த ஒரு மனிதர், அரசாங்கம் கொடுத்த டப்பாவை எடுத்து அவள் கண்ணில் பழி தீர்த்துக்கொண்டார்.

அவள் விழவில்லை. ஐந்து வேலையையும் செய்தாள். தடியை விடவில்லை, ஆளைத் தள்ளினாள், விலங்கை மாட்டினாள். வாக்கி டாக்கியில், "நீலச் சட்டை, இடது கைப் பட்டன் இல்லை" என்றாள். பட்டனை யாரும் கேட்கவேயில்லை. இரண்டு நிமிஷம் பத்து விநாடி, அன்றைக்கு அதைவிட வேகமாக முடித்தவர் யாருமில்லை. நேரக் குறிப்பில் அது இருக்கிறது, அதில் கையெழுத்துப் போட்டிருப்பதும் விசில்தான்.

பிறகு குழாயடிக்குப் போனவளை நிறுத்தினார். "தண்ணி கம்மின்னு நீதானே சொன்னே? எல்லாரும் கழுவின பிறகு நீ கழுவு."

இருபத்தைந்து நிமிஷம். கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு, முகத்தைக் காற்றுக்குக் காட்டி, வெயிலில் நின்றாள். கண்ணைத் தொடக்கூடாது என்பது பட்டறையில் படித்த பாடம். இரும்புத் தூள் விழுந்தாலே கசக்கக்கூடாது. தபால்காரர் மகள் தன் நனைந்த தலைத்துண்டைக் கொண்டுபோய் அவள் முகத்தில் பிழிந்தாள். அதற்கு அவளுக்கு மைதானத்தை நான்கு சுற்று ஓடும் தண்டனை கிடைத்தது.

மதியம் அவளை என்னிடம் கொண்டுவந்தார்கள். முகம் பழுத்துச் சிவந்திருந்தது. மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. நான் வழக்கமான ஆறுதலைச் சொன்னேன், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று.

"சிஸ்டர், எரிச்சல் ரெண்டு கண்ணுலயும் இருக்கு. வலி ஒரு கண்ணுலதான் இருக்கு. ரெண்டும் வேற வேற" என்றாள்.

மஞ்சள் மருந்துத் தாளைக் கண்ணில் தொட்டு நீல விளக்கில் பார்த்தேன். கருவிழியில் காயம் இருந்தால் அந்த இடம் பச்சையாக மின்னும். அவளுக்குப் பாதிக் கருவிழி மின்னியது. இன்னொன்றும் கவனித்தேன். அந்த ஸ்ப்ரேயில் ஆரஞ்சுச் சாயம் கலந்திருக்கும். மற்றவர்களுக்கு நெற்றியில் கோடாக இருந்த சாயம் இவளுக்கு வலது கண்ணைச் சுற்றி வட்டமாக, ஒரு எலுமிச்சை அளவுக்கு அப்பியிருந்தது. கையைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கையிலும் சாயம் இல்லை, விரலிலும் இல்லை.

டாக்டர் அன்று வெளியே போயிருந்தார். போனில் சொன்னேன்.

"கண்ணைக் கசக்கியிருப்பா. எல்லாரும் பண்றதுதானே. மருந்து விட்டு அனுப்புங்க" என்றார்.

"கையில சாயம் இல்ல டாக்டர்."

"சிஸ்டர், கசக்கினதால கீறல்னு எழுதிட்டு அனுப்புங்க. பெருசு பண்ணாதீங்க."

நான் எழுதினேன். 'கண்ணைக் கசக்கியதால் ஏற்பட்ட கீறல்.' அழகான கையெழுத்தில். சொன்னதை எழுதும் பழக்கம் அப்படி. பழக்கம் என்பது எவ்வளவு வசதியான சொல் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அனுப்பத்தான் பார்த்தேன். அவள் போகவில்லை. மருத்துவ அறை வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "கண் டாக்டர் பாக்கிற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்" என்றாள். அன்று முழுக்க இருந்தாள். மறுநாள் காலை விசில் வந்து, கட்டளையை மீறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றார். "அனுப்புங்க சார். கண் ஆஸ்பத்திரி வழியா அனுப்புங்க" என்றாள். பத்து மணிக்கு முகாம் அதிகாரி அந்தப் பக்கம் வந்தார். பெஞ்சில் ஒரு பெண் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது பார்க்க நன்றாக இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, வண்டி ஏற்பாடு செய்தார். கூடப் போனவள் நான்தான்.

நகரத்துக் கண் ஆஸ்பத்திரி டாக்டரம்மா பார்த்தவுடன் என்னிடம் கேட்டார், "எவ்வளவு தூரத்துல இருந்து அடிச்சாங்க?"

அவளே கையை நீட்டிக் காட்டினாள்.

"கருவிழி கிழிஞ்சிருக்கு. உள்ள ரத்தம் கட்டியிருக்கு. கசக்கினா இப்படி ஆகாதும்மா" என்றார் டாக்டரம்மா. ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் நல்லது என்றும் சொன்னார். அதை எனக்காகத்தான் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது.

நான்கு நாள் ஆஸ்பத்திரி, பிறகு வீடு. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தே படுக்க வேண்டும். குனியக்கூடாது, எதையும் தூக்கக்கூடாது. மணிக்கு ஒருதரம் சொட்டு மருந்து. அம்மா பகலில் கம்பெனிக்குப் போக வேண்டும், அதனால் மருந்து விடுவது மாமாவின் பொறுப்பு. வாழ்நாளெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிய விரல்கள். முதல் நாள் மருந்து கன்னத்தில் விழுந்தது, கழுத்தில் விழுந்தது.

"மாமா, டாக்டர் காதுக்கு மருந்து எழுதலை" என்றாள்.

"உன் கண்ணு ஒரு இடத்துல நிக்குதா? நூல் பிடிச்சு வெல்டு வெக்கிறவனையே ஏமாத்துது" என்றாராம் மாமா.

சின்ன வெளிச்சம்கூடக் கண்ணைக் குத்தியது. ஜன்னலுக்குத் தார்ப்பாய் கட்டினார்கள். கீழே பட்டறையில் வெல்டிங் செய்தால் பலகைத் தரையின் இடுக்கு வழியாக வெளிச்சம் மேலே வெட்டும். மாமா வெல்டிங்கையே நிறுத்திவிட்டார். மூன்று வாரம் வெறும் அறுப்பதும் துளை போடுவதும்தான். அவசர வேலையோடு வந்தவர்களை அடுத்த தெருப் பட்டறைக்கு அனுப்பினார். "வீட்டுல கண்ணு காயுது" என்பாராம், ஏதோ கூரையில் துணி காய்கிறது என்பதுபோல.

இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணுக்குத் தினம் ஒரு பரீட்சை வைத்துக்கொள்வாள். ஆறாம் நாள் கை அசைவது மட்டும் தெரிந்தது. ஒன்பதாம் நாள் ஜன்னல் கம்பிகளை எண்ண முடிந்தது, ஏழு. மாமா கீழேயிருந்து, "நான் போட்டது எட்டு" என்று கத்தினார். மறுநாள் எட்டும் தெரிந்தது. பதினாறாம் நாள் கடிகார முள். மருந்துச் சீட்டில் இருந்த சின்ன எழுத்து மட்டும் கடைசிவரை தெரியவில்லை. கருவிழி நடுவில் ஒரு வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது, ஈரக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கும் என்பாள்.

கண்ணை விடப் பயம்தான் மெதுவாக ஆறியது. பட்டறையில் கேட்டுக்குப் பெயிண்ட் டப்பாவால் 'உஸ்' என்று அடிக்கும் சத்தம் கேட்டாலே மாடியில் அவளுக்கு வியர்த்துக் கொட்டும். இறங்கிப் போய்த் தெருவில் நிற்பாள். அதற்கு யாரும் வைத்தியம் சொல்லவில்லை. அவளே ஒருநாள் டப்பாவை வாங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு கம்பிக்கு அடித்தாள். மறுநாள் இரண்டு கம்பி. மாதக் கடைசியில் முழு கேட்டையும் அவளே அடித்து முடித்தாள். பெயிண்ட் திட்டுத் திட்டாக இருந்தது என்று வாடிக்கையாளர் குறை சொன்னாராம். மாமா அந்த ஆளிடம் பேசிய பேச்சை எழுத முடியாது.

அவள் எழுந்து நடமாடத் தொடங்கிய வாரத்தில் முகாமிலிருந்து கடிதம் வந்தது. 'பயிற்சியின்போது அறிவுறுத்தலை மீறிக் கண்ணைக் கசக்கி, தன் கவனக்குறைவால் காயம் ஏற்படுத்திக்கொண்டதால் பணிக்குத் தகுதியற்றவர் என விடுவிக்கப்படுகிறார்.' ஆதாரம், மருத்துவப் பதிவேடு. என் வரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களுக்கு ஒரு கை சோறு வேண்டுமல்லவா, அதை எடுத்துக் கொடுத்தவள் நான்.

அவள் இரண்டு மனு எழுதினாள். பதில் இல்லை. மூன்றாவதை டாக்டரம்மாவின் சான்றிதழோடு அனுப்பினாள். பரிசீலனையில் உள்ளது என்று ஒரு அட்டை வந்தது.

இதற்கிடையில் மற்ற நாற்பது பேரும் பயிற்சி முடித்து, நினைவு ஆல்பம் வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். நகரத்து ஸ்டூடியோக்காரர் ஒருவர் பயிற்சி நாட்களில் வந்து படம் எடுத்து ஆல்பம் போட்டுக் கொடுப்பார். தபால்காரர் மகள் அதைப் புரட்டியபோது ஒன்றைக் கவனித்தாள். ஸ்ப்ரே நாள் பக்கத்தில் நாற்பது முகம்தான் இருந்தது. வெல்டர் இல்லை. நேராகப் பட்டறைக்கு ஆல்பத்தை எடுத்துக்கொண்டு போனாள், அங்கிருந்து வெல்டர், மாமா என்று மூன்று பேருமாக ஸ்டூடியோவுக்கு.

ஸ்டூடியோக்காரர் கொஞ்சம் யோசித்தார். "அந்தப் படத்தை ஆல்பத்துல இருந்து எடுத்துடச் சொன்னாங்க. எடுத்துட்டேன். அழிக்கச் சொல்லலை" என்றார்.

படத்தில் எல்லாம் இருந்தது. பின்னால் சுண்ணாம்புக் கோடு, அதைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்ட விசிலின் பூட்ஸ், நீட்டிய டப்பா, திறந்திருக்கும் கண். அடுத்தடுத்து எடுத்த இன்னும் இரண்டு படங்களில் அவள் கைகள் பின்னால் கோத்திருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்கு வந்தாள், மாமாவோடு. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். நான் டீ வைக்கப் போனேன், உட்காருங்கள் என்றாள்.

"சிஸ்டர், அன்னைக்கு என் கையைத் திருப்பிப் பாத்தீங்க. சாயம் இருந்துச்சா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் அப்படி எழுதினீங்க?"

டாக்டர் சொன்னார் என்றேன். சொல்லும்போதே எனக்கு நாக்கு கூசியது. மாமா, "டாக்டர் பாக்கலையேம்மா. பாத்தது நீங்கதானே" என்றார். அதட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். அதைவிட அவர் என்னை அறைந்திருக்கலாம்.

படத்தையும் சேர்த்து அடுத்த மனு போன பிறகு விசாரணை நடந்தது. ஒரு நீள மேஜை, மூன்று அதிகாரிகள். விசில் நெஞ்சை நிமிர்த்தி நின்று, "ஆறடியிலதான் அடிச்சேன் சார். அவ கசக்கினதை நானே பாத்தேன்" என்றார். படத்தை முன்னால் வைத்தார்கள். "அது கேமரா கோணம் சார். கிட்ட இருக்கிற மாதிரி தெரியும்" என்றார்.

"கோணத்துல பூட்ஸ் கோட்டைத் தாண்டுமா சார்?" என்றாள் அவள். உன்னைக் கேட்கவில்லை என்று தலைமை அதிகாரி அதட்டினார்.

என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளங்கையில் சாயம் இல்லாததை, கண்ணைச் சுற்றி இருந்த வட்டத்தை, போனில் டாக்டர் சொன்னதை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ நீங்க பதிவேட்டுல எழுதினது பொய்யா?"

"ஆமா சார். பொய்."

அதுவரை சோம்பலாக இருந்த பேனாக்கள் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் வேகமாக ஓடின.

முடிவைச் சொல்கிறேன். டாக்டருக்கு வாய்மொழி எச்சரிக்கை. விசிலுக்கு வேறு முகாமில் பொருள் கிடங்குக்கு மாற்றல், அடுத்த வருஷமே பதவி உயர்வு. பொய்ப் பதிவு செய்த குற்றத்துக்கு எழுத்தில் தண்டனை வாங்கிய ஒரே ஆள் நான். எனக்குக் கிடைத்தது நியாயம்தான், அதில் எனக்கு வருத்தமில்லை. ஒரு கண்ணைக் கெடுத்தவர் நடந்து போய் மேலே உட்கார்ந்தார், அதை மறைத்து எழுதியவளுக்கு மட்டும் தண்டனை என்றால், அந்த மேஜை எதற்காகப் போட்ட மேஜை என்றுதான் கேட்கிறேன்.

அவளைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதிலும் ஒரு கொக்கி. காயம்பட்டதால் அவள் ஸ்ப்ரே பயிற்சி 'முழுமை பெறவில்லை', மறுபடி செய்ய வேண்டும் என்று ஒரு எழுத்தர் குறிப்பு எழுதினார். அவள் நேரக் குறிப்பின் நகலை எடுத்துக்கொண்டு போனாள். "ரெண்டு நிமிஷம் பத்து விநாடி சார். இதைவிட முழுமையா யாராவது செஞ்சிருந்தா காட்டுங்க, நான் மறுபடி நிக்கறேன்" என்றாள். குறிப்பு வாபஸ் ஆனது.

அடுத்தது கண் பரிசோதனை. வலது கண் எழுத்து அட்டையில் ஆறாவது வரி வரை படிக்க வேண்டும். அவள் ஐந்தோடு நின்றாள். அலுவலகத்தில் ஃபைல் எடுத்து வைக்கிற வேலை தருகிறோம் என்றார்கள்.

"நான் வெல்டர் சார். என் கண்ணை அட்டையில பாக்காதீங்க, இரும்புல பாருங்க."

பாலப் பிரிவின் பட்டறைத் தலைவர் வாயே திறக்காத மனிதர், வெல்டிங்கில் முடி நரைத்தவர். இரண்டு கனத்த தகட்டை அவள் முன்னால் போட்டார். அவள் முகமூடியை இறக்கி, பட்டறையே திரும்பும்படி "கண்ணு" என்று சொல்லிவிட்டுப் பற்றவைத்தாள். ஆறியதும் ஒட்டை அறுத்து, துண்டை எந்திரத்தில் வைத்து வளைத்துப் பார்த்தார்கள். நல்ல ஒட்டு விரிசல் விடாது. அது விடவில்லை. தலைவர் துண்டை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டு, "திங்கக்கிழமை வந்துடு" என்றார்.

இப்போது அவள் பாலப் பிரிவில் ஒரு குழுவுக்கு மேற்பார்வை. போன வெள்ளத்தின்போது இரண்டே நாளில் போட்ட இரும்புப் பாலம் ஒன்றில் அவள் ஒட்டு வைத்திருக்கிறாள். தெருவைக் கடக்கும்போது வலப்பக்கம் முழுத் தலையையும் திருப்பிப் பார்ப்பாள். வெயிலில் அந்தக் கண்ணில் நீர் வடியும், அழுகிறாயா என்று கேட்பவர்களிடம், "ஆமா, உங்களை நெனச்சுத்தான்" என்பாள். தபால்காரர் மகள் வேறு ஊரில் இருக்கிறாள், மாதம் ஒருமுறை பேசிக்கொள்வார்கள்.

என்னிடமும் வருவாள். எப்போதிலிருந்தோ சிஸ்டர் போய் அக்கா ஆகிவிட்டேன். என்னை மன்னித்துவிட்டாயா என்று ஒருமுறை கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"நீங்க எழுதினீங்க, அப்புறம் வந்து உண்மையையும் சொன்னீங்க. ரெண்டுமே ஞாபகம் இருக்குக்கா" என்றாள்.

அவள் கோபம் தீர்ந்துவிட்டது என்று யாராவது நினைத்தால் அது தப்பு. கவனக்குறைவால் தானே காயம் ஏற்படுத்திக்கொண்டாள் என்ற அந்தக் கடிதம் இன்னும் அவள் ஃபைலில் இருக்கிறது. ரத்து செய்யவில்லை, அதன் மேல் வேறு காகிதங்களை அடுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதை நீக்கச் சொல்லி வருஷத்துக்கு ஒரு மனு அனுப்புகிறாள். இந்த வருஷ மனுவை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்து எழுதினோம். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கையெழுத்துப் போடும் முன்னால் ஒவ்வொரு வரியையும் அவள் இரண்டு தரம் படித்துப் பார்த்தாள். அனுப்பி ஐந்து மாதம் ஆகிறது. பதில் வரவில்லை.